ஆறுக்கு ஆறு கோடு இழுக்க வேண்டாம்

வணக்கம். நூலகப் பயிற்சியை கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இளங்கலைப் பட்டம் பெறுபவரிடம் இருக்க வேண்டிய அறிவையும் திறன்களையும் சொல்லும் 'பட்ட எதிர்பார்ப்புகளோடு' பொருத்தி அட்டவணை கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு முயன்றும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நேருக்கு நேர் பொருந்தாதுதான். எதிர்பார்ப்புகள் ஆறு, தகவல் திறனுக்காக, அதாவது தகவலைத் தேடி மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறனுக்காக, அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏசிஆர்எல் 2016-இல் ஏற்ற சட்டகத்திலும் கருத்துகள் ஆறு. எண்ணிக்கை ஒன்றாக இருப்பது தற்செயல், அவ்வளவுதான்.

'அறிவின் எல்லைகளை உணர்தல்' என்ற எதிர்பார்ப்பிலிருந்து தொடங்குங்கள். இதைப் பலர் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஆய்வுகள் முரண்படும்போது எதை நம்புவது, எங்கே தயங்குவது, தேடியும் கிடைக்காததை எப்படிச் சொல்வது, இவை எல்லாமே தகவல் திறன்தானே? இரண்டாம் ஆண்டில் முரண்படும் இரண்டு கட்டுரைகளை ஒப்பிடச் சொல்லலாம். நான்காம் ஆண்டில், தன் தேடலில் என்ன விடுபட்டிருக்கும் என்று மாணவரே ஒரு பத்தி எழுதட்டும். 'ஆய்வு முறைகள்' இதற்குப் பின் எளிது. 'தொடர்பாடல்' மேற்கோள் காட்டும் பயிற்சியோடு சேர்ந்தே வந்துவிடும்.

அப்புறம், அட்டவணையைத் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். துறையிடம் பாடங்களின் கற்றல் விளைவுகளைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் உள்ள ஒப்படையோடு இணையாத பயிற்சிக்கு மாணவர்கள் வருவது கடினம். முதலில் ஒரே ஒரு கட்டாயப் பாடத்தில் செய்து பாருங்கள்.