பழைய மரப் புல்லாங்குழல்: சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: வணக்கம் ஐயா. லோரோங் கூலிட் சந்தையில் 180 ரிங்கிட்டுக்கு ஒரு கறுப்பு மரப் புல்லாங்குழல் வாங்கினேன். ஐந்து துண்டாகக் கழற்றலாம், துளைகளை மூடித் திறக்கும் எட்டு உலோக விசைகள், மூட்டுகளில் வெள்ளை வளையங்கள், தலைப்பகுதியில் நீளமாக ஒரு விரிசல். செய்தவர் பெயர் முத்திரை எதுவும் தெரியவில்லை. பழம்பொருள் தரகர் ஒருவர் பார்த்துவிட்டு, "1700களில் லண்டனில் செய்தது, விசைகள் வெள்ளி, பதினைந்தாயிரம் போகும். 600 ரிங்கிட் கட்டினால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கட்டலாமா? படங்கள் அனுப்பியுள்ளேன். (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். அந்த 600 ரிங்கிட் போனால் போனதுதான். விற்க நினைப்பவரே எழுதித் தரும் சான்றிதழை வாங்குகிறவர் யாரும் மதிக்க மாட்டார். நல்ல மதிப்பீட்டாளர் முதலில் பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பார். விலையை அதற்குப் பிறகுதான் சொல்வார்.

உங்கள் படங்களில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1700களில் விசையைத் தாங்க மரத்தையே மேடாக விட்டுக் கடைந்து, அதன் குறுக்கே ஊசி கோத்திருப்பார்கள். உங்கள் குழலில் விசைகள் மரத்தில் திருகிய சின்ன உலோகத் தூண்களில் நிற்கின்றன. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி வேலை. தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் செருகியிருக்கிறது. மரம் காய்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் உலோகம் சுருங்காது. அதனால்தான் அந்த நீள விரிசல். இந்த வகைக் குழல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் என் மேசைக்கு வருகின்றன. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஷென் ஊரில் ஆயிரக்கணக்கில் செய்து ஏற்றுமதி செய்த குழல் என்றே நினைக்கிறேன்.

"வெள்ளி விசை" கதைக்கு வருவோம். நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் குத்துவிளக்கும் தாம்பாளமும் உண்டுதானே? அதே உலோகம்தான் இது: செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு துளி கிடையாது. உங்கள் மூன்றாவது படத்தில் விசையின் அடிமடிப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. செம்பு கலந்த உலோகம் ஈரத்தில் செய்யும் வேலை அது. எட்டு விசை இருப்பதும் வயதைச் சொல்லாது. அந்த அமைப்பை நூறு ஆண்டுக்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

பெயர் முத்திரை இல்லை என்கிறீர்கள். முத்திரை இல்லாவிட்டால் பெரும்பாலும் மலிவுச் சரக்குதான். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. முத்திரை இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். முன்பு பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் வெறும் குழல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தை மரத்தோடு மரமாகப் படுக்கவைத்து மெல்ல உருட்டினேன். எண்ணெய் அழுக்குக்கு அடியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எழும்பி வந்தது. நீங்களும் ஐந்து துண்டுகளையும் அப்படிப் பாருங்கள், மூட்டு வளையத்தை ஒட்டிய இடத்தை விடாதீர்கள். சுண்ணாம்பு தேய்க்க வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். லண்டனில் குழல் செய்த "ருடால் அண்ட் ரோஸ்" என்ற பெயரும் அங்குள்ள கோவென்ட் கார்டன் முகவரியும் தெரிந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அவர்கள் கடை மாறிய வரிசையை வைத்தே காலத்தைக் கணிக்கலாம். அந்தக் குழல்கள் இன்றும் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலை போகின்றன. "மேயர்" என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் குழல் செய்த மேயரின் பெயரை எத்தனையோ பேர் காப்பியடித்தார்கள். "ஜெர்மனி" என்ற சொல் இருந்தால், பிறப்பிட நாட்டைக் குறிக்கச் சொன்ன 1887ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகு செய்ததாகவே இருக்கும்.

வளையங்களைத் தரகர் தந்தம் என்றாரா? படத்தைப் பெரிதாக்கினால் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரிகின்றன. அவை எலும்புக்கு உரியவை. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் இருக்கும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்க யாரையும் விடாதீர்கள், அந்தக் கரும்புள்ளி போகவே போகாது. நிஜமாகவே தந்தம் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்பது பெரிய தலைவலி. இங்கே மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் வணிகச் சட்டம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தத் தடை. 1975க்கு முன் செய்த, தந்தம் 20 விழுக்காட்டுக்குக் குறைவான இசைக்கருவிக்கு அங்கே விலக்கு உண்டு, ஆனால் பதிவு செய்ய வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்காக இப்படி அனுமதி கேட்டு அலைந்தேன். ஒரு முகப்பில் இன்னொரு முகப்பைக் காட்டினார்கள், அங்கே மறுபடி முதல் முகப்பைக் காட்டினார்கள். சட்டம் யானைக்கு நல்லது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்தப் படிவம், யாரிடம் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் வைத்தால் என்ன?

சரி, விலை. இப்போதிருக்கும் நிலையில் சில நூறு ரிங்கிட். நீங்கள் கொடுத்த 180 நியாயமான விலை, ஏமாறவில்லை. விரிசலை அடைத்து, விசைக்கு அடியில் துளையை மூடும் மெத்தைகளான பேட்களை மாற்றி, மூட்டுக்கு நூல் சுற்றினால் செலவு அதன் விலையைத் தாண்டலாம். வாசிக்க ஆசை என்றால் முதலில் சுருதி பாருங்கள். கைபேசிச் சுருதிமானியில் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 452 பக்கம் நின்றால், அது பழைய உயர்சுருதிக் குழல். பியானோவோடு சேராது. அந்தக் குழலை வாசிக்க வாங்குகிறவர்கள் குறைவு, விலையும் இறங்கும்.

அதுவரை குழலைக் குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள். பினாங்கு ஈரத்தில் ஊறிய மரம் அங்கே சட்டென்று காய்ந்தால் விரிசல் நீளும். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், பிசுபிசுத்து பேட்களைக் கெடுக்கும். தரகர் "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். இருக்கிற முத்திரையும் அதில் தேய்ந்துவிடும். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் டேடன் மில்லர் என்பவர் சேர்த்த புல்லாங்குழல்களும் பிற ஊதுகருவிகளுமாக ஏறத்தாழ 1,700 கருவிகள் உள்ளன, படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் விசைகளின் வடிவத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் எனக்கு அனுப்புங்கள், கட்டணம் வேண்டாம்.