வீட்டிலேயே கார்டியோ செய்ய ஆரம்பித்ததும் கெண்டைக்கால் கடுமையாக வலிக்கிறது. நிறுத்திவிடலாமா, வலியோடு தொடரலாமா?

உடற்பயிற்சியை நிறுத்த வேண்டாம். குதிப்பதை மட்டும் சில நாள் நிறுத்துங்கள்.

வீடியோ பார்த்து ஜம்பிங் ஜாக், ஹை நீஸ், ஸ்கிப்பிங் என்று தினமும் அரை மணி நேரம் செய்வதாகவும், காலையில் எழுந்தால் இரண்டு கெண்டைக்காலும் இறுகிப்போய்ப் படி இறங்கவே முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காலிலும் ஒரேபோல, பயிற்சி செய்த மறுநாள் தலைகாட்டி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடுகிற வலி என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்ததால் வருவது அது. ஒரு காலில் மட்டும் வலி என்றால் விஷயமே வேறு. அதைக் கீழே எழுதியிருக்கிறேன், அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. பல வருடங்களாக வீட்டு ஹாலில்தான் என் உடற்பயிற்சி எல்லாம். ஆரம்பத்தில் என்னைப் படுத்தியது முழங்காலோ இடுப்போ இல்லை, இந்த ஆடுசதைதான். அதற்காக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் கற்றுக்கொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். வெளியே திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ், முழங்காலுக்குக் கீழே தொடங்குவது. இரண்டும் சேர்ந்து குதிகாலுக்குப் பின்னால் கயிறு மாதிரி தட்டுப்படுகிற அக்கிலிஸ் தசைநாணாகி எலும்பில் போய் முடிகின்றன. குதிக்கும்போது உடம்பை மேலே தூக்கிவிடுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வலியை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த ஏற்றம் இல்லை, இறக்கம். முன்பாதத்தில் இறங்கும்போது குதிகால் தரையை நோக்கிப் போகிறது, அதைத் தடுத்துப் பிடிக்கத் தசை இறுகுகிறது, இறுகிக்கொண்டே நீளவும் செய்கிறது. இப்படி நீண்டுகொண்டே சுமை தாங்குகிற வேலைதான் தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்களை உண்டாக்குகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு செய்கிற வேலையில் வீக்கமும் வலியும் வருகின்றன. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே இந்தத் தாமத வலியைப் பற்றி எழுதி, தசைக்குள் ஏற்படும் சிதைவுதான் காரணமாக இருக்கும் என்று சொன்னார். ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று ஜிம்மில் இன்றும் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வருகிற வலிக்கு அது காரணமாக முடியாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 முறை வீதம் 10 நிமிடம் ஸ்கிப்பிங் செய்தால் 1000 முறை இறங்குகிறீர்கள். அதோடு ஜம்பிங் ஜாக், ஸ்பாட் ஜாகிங். அதுவரை நடப்பதைத் தவிர வேறு வேலை பார்க்காத கெண்டைக்காலுக்கு இது மிக அதிகம். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதே என்று ஃபிளாட்டில் இருப்பவர்கள் குதிகாலைத் தரையில் படவே விடாமல் நுனிக்காலிலேயே குதிப்பார்கள். அப்போது சுமை முழுக்க இங்கேதான் வந்து விழும்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. ‘தபாட்டா’ என்று வீடியோக்களில் வருகிறதே, 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு, அதை எட்டுச் சுற்று செய்வது. ஜப்பானில் இசுமி தபாட்டாவும் அவருடைய குழுவும் 1996-ல் வெளியிட்ட அந்த ஆய்வு நிலையாக நிற்கும் சைக்கிளில் செய்யப்பட்டது. சைக்கிளில் இறக்கம் என்பதே கிடையாது. பெடலை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் தரையில் வந்து மோதுவதில்லை. வீட்டில் சைக்கிள் இல்லாததால் அதே நேரக் கணக்கை வைத்துக்கொண்டு குதிக்கிற அசைவுகளை அதில் நிரப்பிவிட்டார்கள். இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கிறது, கூடவே கெண்டைக்காலுக்கு யாரும் திட்டமிடாத சுமையும் வந்துவிடுகிறது. அதனால்தான் முதல் வரியிலேயே அப்படிச் சொன்னேன். மூச்சு வாங்குவதற்குக் குதித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

குதிக்காமல் எப்படி வியர்க்க வைப்பது? ஜம்பிங் ஜாக்கில் இரண்டு காலையும் விரித்துக் குதிப்பதற்குப் பதில் ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள், கை மட்டும் முழு வீச்சில் மேலே போகட்டும். ஹை நீஸுக்குப் பதில் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நின்ற இடத்திலேயே நடை. குனிந்து தரையில் கை ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, மறுபடி எழுந்து குதிக்கிற பர்ப்பியில் கடைசிக் குதியை விட்டுவிட்டு எழுந்து நிற்பதோடு முடியுங்கள். காற்றில் குத்துவிடுகிற ஷேடோ பாக்ஸிங்கை மூன்று நிமிடம் விடாமல் செய்து பாருங்கள், சட்டை நனைந்துவிடும். மாடிப்படி இருந்தால் ஏறுங்கள், ஆனால் முழுப்பாதமும் படியில் பதிய வேண்டும். நுனிக்காலில் ஏறினால் பழைய கதைதான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த அசைவுகளும் வேகமான நடையும் சேர்ந்தாலே அந்த அளவை எட்டிவிடலாம்.

வலி இருக்கிற முதல் இரண்டு மூன்று நாள் படுத்தே கிடக்காதீர்கள். வீட்டுக்குள் மெதுவாக நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக அசையுங்கள். வெந்நீர் ஊற்றிக்கொள்வதும் தேங்காய் எண்ணெய் தடவி இலேசாக நீவிவிடுவதும் இதமாக இருக்கும். அழுத்திப் பிசைய வேண்டாம். பாம் தடவினால் எரிச்சலில் வலி சற்று மறக்கும், அதற்கு மேல் எதுவும் நடக்காது. பாம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு குதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. வலி ஒரு தகவல், அதை அமுக்கிவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதே உங்களுக்குத் தெரியாது.

‘ஸ்ட்ரெச்சிங் செய்யாததால்தான் வலி’ என்று நிறைய பேர் சொல்வார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் என்ற அமைப்பு இது குறித்து 2011-ல் வெளியிட்ட மதிப்பாய்வின் முடிவு, பயிற்சிக்கு முன்போ பின்போ செய்யும் ஸ்ட்ரெச்சிங் மறுநாள் வலியைச் சொல்லிக்கொள்ளும்படி குறைப்பதில்லை என்பது. இறுக்கம் தளர்ந்த மாதிரி இருக்கும், அதற்காகச் செய்யலாம். சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய 30 விநாடி நில்லுங்கள். முழங்கால் நேராக இருந்தால் மேல் தசை இழுபடும். பிறகு அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கினால் அடியில் இருக்கும் சோலியஸுக்குப் போகும். இரண்டையும் செய்ய வேண்டும். பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

உண்மையில் பலன் தருவது குதிகால் தூக்கும் பயிற்சி. இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்குங்கள். மேலே ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணுகிற நேரம் எடுத்து இறக்குங்கள். அந்த மெதுவான இறக்கம்தான் மருந்து. குதித்து இறங்கும்போது தசை செய்கிற அதே வேலையை இங்கே உங்கள் கட்டுப்பாட்டில், குறைந்த சுமையில் செய்கிறது. ஒரு முறை அப்படிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைச் செய்யும்போது முன்னளவு வலிப்பதில்லை. வலி தணிந்த பிறகு 10 அல்லது 12 தடவை வீதம் இரண்டு மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சுலபமாகிவிட்டால் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறக்கலாம். அப்புறம் ஒற்றைக் காலில். நின்ற இடத்தில் ஒற்றைக் காலில் 20, 25 முறை ஒழுங்காகத் தூக்கி இறக்க முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்டுகள் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் ஸ்கிப்பிங்குக்குக் கால் தயார். எனக்கு அங்கே போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது, அதில் தவறே இல்லை. தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பலம் பெறும். மூச்சும் இதயமும் சில வாரத்திலேயே பழகிவிடுவதால் ‘இன்னும் முடியும்’ என்று தோன்றும். அந்த நம்பிக்கையில் நேரத்தைக் கூட்டினால் அக்கிலிஸ் நாண் மாட்டிக்கொள்ளும்.

குதிப்புக்குத் திரும்பும்போது முதலில் ஒரு நிமிடம் ஸ்கிப்பிங், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் சில சுற்று மட்டும். மறுநாள் வலி இல்லையென்றால் அடுத்த வாரம் சற்றுக் கூட்டுங்கள். குதிகால் ஒவ்வொரு முறையும் தரையைத் தொட்டு வரட்டும். வெறும் டைல்ஸில் வெறுங்காலோடு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலில் மட்டும் வலி என்றேனே, அதற்கு வருகிறேன். என் அக்கா நீண்ட பேருந்துப் பயணம் போய்விட்டு வந்த அதே வாரத்தில் உடற்பயிற்சியும் ஆரம்பித்தாள். இடது கெண்டைக்கால் வலித்தது. உடற்பயிற்சி வலிதான் என்று வீட்டில் எல்லோருமே நினைத்தோம். இரண்டு நாளில் அந்தக் கால் மட்டும் வீங்கித் தொட்டால் சூடாக இருந்ததைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாப்ளர் ஸ்கேனில் ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் உறைவெதிர்ப்பு மருந்து சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறாள். ஆகவே ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு இருந்தால் நீவிவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட பயணம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், பிரசவம், கருத்தடை மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குதிக்கும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ‘டப்’ என்று ஆகி நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசையோ நாணோ கிழிந்திருக்கலாம். மிகக் கடுமையான வலியும் தளர்ச்சியும் வந்து சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம், அவசரச் சிகிச்சை தேவை. சர்க்கரை நோய் உள்ளவருக்கோ புகைப்பவருக்கோ நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் இரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இரவில் திடீரென்று சதை பிடித்து இழுப்பது இதிலிருந்து வேறு. அதற்கு மட்டும் இழுத்துவிடுவது உடனே கேட்கும். முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள்.

குதிப்பை விட்டு இரண்டு வாரம் ஆன பிறகும் வலி போகவில்லை, அல்லது காலையில் முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே சுருக்கென்று பிடிக்கிறது என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். போகும்போது நீங்கள் செய்கிற வீடியோவையும் காட்டுங்கள். எந்த அசைவை மாற்றுவது என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.