ட்விஸ்ட் லாக் பாதியில் நிக்குதா? சுத்தியலை எடுக்காதீங்க

கிளம்பாதீங்க. டிரெய்லர்ல கன்டெய்னர் பெட்டியோட நாலு மூலையையும் பூட்டுற ட்விஸ்ட் லாக்குல, பின் இடது லாக் பாதிதான் திரும்புது, மீதி மூணு போட்டு கயிறு கட்டி கடலூர் சிப்காட்லேர்ந்து சென்னை போகலாமான்னு கேட்டிருக்கீங்க. கயிறு அந்த லாக்குக்கு ஈடாகாது. காலிப் பெட்டிதானேன்னும் நினைக்காதீங்க. ஈசிஆர் காத்துல முதல்ல தூக்குறது காலிப் பெட்டியைத்தான்.

பெரும்பாலும் கோளாறு லாக்குல இருக்காது, பெட்டி சரியா உக்காராததுதான். லாக்கோட தலை பெட்டியின் அடிமூலை ஓட்டைக்குள்ள முழுசா ஏறினாத்தான் 90 டிகிரி திரும்பும். அரை விரக்கடை தள்ளி உக்காந்தாலும் தலை ஓட்டை விளிம்புல இடிச்சு நின்னுடும். வண்டி மேடுபள்ளத்துல நின்னு சேஸி (வண்டியோட அடிச்சட்டம்) முறுக்கியிருந்தாலும் இதே கதைதான்.

1. சமதளத்துல நிறுத்தி, பெட்டியைத் தூக்கச் சொல்லுங்க. லாக் மேல பெட்டி இல்லாதப்போ கைப்பிடி லேசா சுத்துதா? சுத்தினா லாக் நல்லாருக்கு, பெட்டியைத் திரும்ப நேரா இறக்கினா போதும்.
2. அப்பவும் இறுகினா துரு. நம்ம உப்புக்காத்துக்கு அது சகஜம். டீசல் ஊத்தி ஊறவெச்சு, கம்பி பிரஷ்ல தேய்ச்சு, கிரீஸ் வைங்க.
3. பூட்டினப்புறம் மூலை வார்ப்போட (பெட்டி மூலையில இருக்குற ஓட்டை போட்ட இரும்புக் கட்டி) பக்கவாட்டு ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாருங்க. தலை குறுக்கே நிக்கணும். கைப்பிடி திரும்பிட்டதை மட்டும் நம்பாதீங்க, உள்ள தண்டு முறிஞ்சிருந்தா அது சும்மாவே சுத்தும்.

தலையிலோ கழுத்திலோ விரிசல் தெரிஞ்சா பட்டறையில வெல்டு வைக்காதீங்க, சூட்டுல இரும்போட பலம் போயிடும். லாக்கையே மாத்திடுங்க.