சிங்களத்தில் எழுதிய வாக்குமூலமும் தம்பியின் ஒப்பமும்

கேள்வி: அம்பாறை நகரில் இரும்புக்கடைக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்யும் என் தம்பியை, செப்புக்கம்பிகள் காணாமற்போனது தொடர்பாகப் பொலிஸார் அழைத்து விசாரித்தனர். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவர் வாசிக்காமலே ஒப்பமிட்டுவிட்டார். அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: அந்த ஒப்பத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம், சகோதரி. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்க முடியாதென்று சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை 27ஆம் பிரிவின் கீழ் நிரூபிக்கலாம். ஆகவே, நெருக்குதலுக்குப் பணிந்து, தமக்குத் தெரியாத ஓரிடத்தை "அங்கே இருக்கலாம்" என்று தம்பி ஊகமாகக்கூடச் சொல்லக் கூடாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மொழிதான். கடையில் சிங்களம் பேசிப் பழகிய நம்மவர் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால், பேசத் தெரிந்த காரணத்தாலேயே அவர்கள் புரிந்துகொண்டு ஒப்பமிட்டதாகப் பின்னர் வாதிடப்படுகிறது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. எனவே, தமிழில் பதியுமாறு தம்பி கேட்கட்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையெனில், முழுவதும் தமிழில் விளங்கப்படுத்தப்படும்வரை ஒப்பமிடாதிருக்கட்டும். "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, முந்திய வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்பது புதிய வாக்குமூலத்தின் முதல் வசனமாகப் பதியப்பட வேண்டும்.

போகாமல் தவிர்ப்பது நல்லதல்ல, சட்டத்தரணியுடன் செல்லட்டும். சந்தேகநபர் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012இல் வெளியான விதிகள் இடமளிக்கின்றன. தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு விடையளிக்க மறுக்கவும் தம்பிக்கு உரிமையுண்டு. கட்டணம் செலுத்த வசதியில்லையெனில், மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை இப்போதே நாடுங்கள்.

கைது செய்தால் அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். இத்தகைய சாதாரண களவு வழக்கில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடித்தாலோ துன்புறுத்தினாலோ, அதை நீதவானிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் மறைக்காமல் சொல்லட்டும். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும். இவ்வாறு தம்பியின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டால், அதற்கெதிரான அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.