விவாகரத்துக்குப் பிறகு குழந்தையின் செலவுக்கு அப்பா எவ்வளவு தர வேண்டும், அதை எப்படி வாங்குவது?

அக்காவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, ஆறு வயதுப் பெண் குழந்தை, அம்மாவிடம்தான் இருக்கப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், குழந்தைக்காகவும் இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

அக்கா தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கலாம், அது அவர் விருப்பம். குழந்தைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையே இல்லை, ஏனென்றால் அது அவர் பணம் இல்லை. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் குழந்தைக்காகப் பிறகு மனுப் போட முடியும். ஆனால் அதற்கு மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. அந்த அலைச்சல் எதற்கு? இப்போதே சரியாக எழுதிவிடுங்கள். என் மகனுக்காக நானும் குடும்ப நல நீதிமன்றத்தில் கேஸ் நடத்தியவள், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. எந்த மதமானாலும் பொருந்துவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1-இல் இருந்து அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.) அது 144-வது பிரிவு. கோர்ட்டில் 'எம்.சி. போட்டாச்சா?' என்று கேட்பது இந்தப் பராமரிப்பு மனுவைத்தான் (மெயின்டனன்ஸ் கேஸ்). அக்காவும் குழந்தையும் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், மாப்பிள்ளையின் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. இந்துக்களுக்கு, விவாகரத்து வழக்கிலேயே குழந்தையின் செலவு, படிப்பு பற்றி உத்தரவு வாங்க இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவு இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகும் அதை மாற்றக் கேட்கலாம். அக்கா மறுமணம் செய்தால் அவருடைய ஜீவனாம்சம் நிற்கும், குழந்தையின் பணம் நிற்காது.

எவ்வளவு கிடைக்கும் என்றால், சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று குழந்தைக்குச் சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. யாராவது நிச்சயமாக ஒரு சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். அப்பாவின் வருமானம், அம்மாவின் வருமானம், குழந்தையின் தேவை, இதுவரை எப்படி வளர்ந்தது, எல்லாம் பார்த்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். அக்கா வேலைக்குப் போகிறார் என்பதற்காக அப்பாவின் பொறுப்பு போய்விடாது, இருவரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி பங்கிட வேண்டும்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இரண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். தொகையும் தீர்ப்புத் தேதியில் இருந்து இல்லை, மனுப் போட்ட தேதியில் இருந்தே கணக்கு. கேஸின் பாதி பலம் இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது, இதை அவசரமாக நிரப்பாதீர்கள். எங்கள் வக்கீலின் குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "காலையில் பிள்ளை எழுந்ததில் இருந்து ராத்திரி தூங்குகிற வரைக்கும் என்னென்ன செலவோ வரிசையா எழுதுங்கம்மா" என்றார். பால், டிபன், ஸ்கூல் வேன், டியூஷன், ஷூ, வருஷத்துக்கு ஒருமுறை புத்தகமும் சீருடையும், காய்ச்சல் வந்தால் டாக்டர் ஃபீஸ், மாத்திரை, தீபாவளித் துணி, வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கு என்று தாளின் பின்பக்கம் வரை போனது. ரசீது இருக்கிறதை எல்லாம் சேர்த்துக் கட்டினோம். வெறுமனே 'மாதம் இவ்வளவு வேண்டும்' என்று கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டபோது எனக்குப் பதில் இருந்தது.

மாப்பிள்ளை, வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லக்கூடும். நிறைய பேர் சொல்வார்கள். உடம்பு நன்றாக இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் பெயரில் இடமோ வீடோ இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டு எடுத்து வையுங்கள்.

இப்போது ஒப்பந்தம். மொத்தத் தொகை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அக்காவுக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். குழந்தையின் பங்கை அவள் பெயரில் வைப்புத்தொகையாக (எஃப்.டி.) போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் குழந்தைக்கு மாதாமாதம் வருவதே நல்லது, வருஷத்துக்கு இத்தனை சதவீதம் கூடும் என்று ஒரு வரியும் வேண்டும், இன்றைக்கு எல்.கே.ஜி. ஃபீஸுக்குப் போதுமானது பத்தாம் வகுப்பில் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. 144-வது பிரிவில் கேட்பது பொதுவாக 18 வயதோடு முடிந்துவிடும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மணமாகாத மகளுக்கு, 1956-இன் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி அதற்குப் பிறகும் உரிமை உண்டு, ஆனால் அது தனி வழக்கு. அதனால் கல்லூரிச் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் கொண்டு வாருங்கள்.

அப்புறம், பணம் வராவிட்டால் என்ன செய்வது. ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும், கையில் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் நின்றாலே, உத்தரவுப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனுப் போடுங்கள், பாவம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். 144-இன் கீழ் நிலுவை விழுந்த தேதியில் இருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்டு கிடைக்கும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம், உள்ளே போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

அவர் பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையை அவர் பார்க்க வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கோர்ட் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், குழந்தைக்கும் அப்பா வேண்டும். அதேபோல, பார்க்க விடவில்லை என்று சொல்லிப் பணத்தை நிறுத்த அவருக்கும் உரிமை கிடையாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அக்காவை அழைத்துப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.