.22 ரிம்ஃபயர் தோட்டா: பிராண்டைத் தேடும் முன் குழலைக் கேளுங்கள்

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் ஒரு ரூகர் 10/22 வாங்கினேன், விசையை இழுத்ததும் அடுத்த .22 தோட்டா தானே ஏறும் செமி-ஆட்டோ ரைபிள். வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் 50 கஜத்தில் காகித இலக்கு சுடுவேன். சில நாள் பொழுதுபோக்காகச் சின்ன இரும்புத் தட்டுகள். இதுவரை வாங்கியது எல்லாம் ஐந்நூறு சொச்சம் தோட்டாக்களை மொத்தமாகக் கொட்டி விற்கும் மலிவுப் பெட்டிதான். நூறு சுட்டால் நாலைந்து வெடிப்பதில்லை. காகிதத்தில் குரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட துளைகள் சிதறும் அகலம், மூன்று அங்குலத்துக்குக் கீழே வருவதில்லை. விலை கூடிய மேட்ச் (போட்டிக்கான) தோட்டாவுக்கு மாறினால் இரண்டும் சரியாகுமா? எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: தோட்டாவை மாற்றினால் இரண்டு குறையும் பெரும்பாலும் தீரும். ஆனால் ஒரே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி நான் நிறுத்திக்கொண்டால் உங்கள் பணம்தான் வீணாகும். .22-இல் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு 10/22-களில் ஒன்று விரும்பும் தோட்டாவை மற்றது சிதறடிக்கும். அதனால் எதை வாங்குவது என்பதோடு எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வெடிக்காத தோட்டாக்கள். சென்டர்ஃபயர் தோட்டாவின் அடி நடுவில் பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் கலவை, தனிக் கிண்ணமாக இருக்கும். உங்கள் .22 போன்ற ரிம்ஃபயரில் அந்தக் கிண்ணம் கிடையாது. பிரைமர் கலவையை ஈரமாகப் பித்தளைக் கூட்டின் அடியில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள்; கலவை விளிம்பின் உள்மடிப்புக்குள் போய் ஒட்டிக் காயும். அது சுற்றிலும் ஒரே சீராகப் படியாவிட்டால், ஃபயரிங் பின் என்ற ஊசி அடிக்கும் இடத்தில் கலவை இல்லாமல் போகலாம். அப்போது 'க்ளிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். விலையைக் குறைக்க வேகமாகச் செய்து தள்ளும் தோட்டாக்களில் இது அதிகம், கவனமாகச் செய்தவற்றில் மிகக் குறைவு. நூற்றுக்கு நாலைந்து என்பது மலிவுப் பெட்டிக்கே அதிகம்தான். ஆகவே துப்பாக்கியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த முறை வெடிக்காமல் போனால் உடனே போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடி நகரும் இரும்பை) இழுக்காதீர்கள். சில சமயம் தோட்டா தாமதமாக வெடிக்கும். குழலை இலக்குப் பக்கமே நீட்டி முப்பது விநாடியாவது காத்திருங்கள். பிறகு வெளியே எடுத்து விளிம்பில் பின் அடித்த தழும்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை, விளிம்பின் வேறு பக்கத்தில் அடி விழும்படி திருப்பிப் போட்டால் வெடிக்கிறது என்றால் குறை தோட்டாவில்தான். தழும்பு லேசாக இருந்தால் துப்பாக்கியைச் சந்தேகப்படுங்கள். போல்ட்டுக்குள் பின் ஓடும் பள்ளத்தில் மெழுகும் கரியும் அடைத்திருக்கலாம். அல்லது சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, அழுக்கானதால் தோட்டா முழுதாக உட்காராமல் நிற்கலாம். அப்படி நின்றால் ஃபயரிங் பின் அடிக்கும் பலத்தில் ஒரு பகுதி தோட்டாவை முன்னே தள்ளவே போய்விடும்.

சேம்பர் இவ்வளவு சீக்கிரம் அழுக்காவதற்கு இந்தத் தோட்டாவின் பழைய வடிவமே காரணம். .22 லாங் ரைபிள் 1887-இல் வந்தது. இன்றைய பெரும்பாலான தோட்டாக்களில் குண்டு கூட்டுக்குள் இறங்கியிருக்கும். இதில் குண்டும் கூடும் ஏறக்குறைய ஒரே விட்டம். குண்டின் குறுகிய குதிப்பகுதி மட்டும்தான் உள்ளே இருக்கும். அதனால் வழவழப்புக்குப் பூசும் மெழுகு முழுக்க வெளியிலேயே நிற்கிறது. மொத்தமாகக் கொட்டிய பெட்டியில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசி மெழுகு போய்விடும், மென்மையான ஈயம் நசுங்கும், தூசி ஒட்டும். நசுங்கிய குண்டு நேராகப் போகாது, தூசி ஒட்டியது சேம்பரில் மாட்டும். ஐம்பதோ நூறோ தனித்தனிக் குழிகளில் அடுக்கிய பெட்டியை நான் விரும்புவது இதனால்தான். விலை வித்தியாசம் பெரிதில்லை, பலன் உடனே தெரியும்.

சரி, இப்போது வேகம். காகித இலக்குக்கு வேகமான தோட்டாதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். .22-இல் உண்மை நேர்மாறு. கடல்மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1125 அடி. ஹை வெலாசிட்டி தோட்டா விநாடிக்கு 1235 அடிபோல ஒலியை மிஞ்சிக் கிளம்பி, 50 கஜத்தை நெருங்கும்போது ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையில் காற்றின் தடை மிக அதிகம், குண்டு தடுமாறவும் வாய்ப்புண்டு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1070 அடிவாக்கில் கிளம்புவதால் ஆரம்பத்திலிருந்தே எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. குறுக்குக் காற்றிலும் இந்த மெதுவான குண்டுதான் குறைவாக விலகும். குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைவிட, தடையால் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதுதான் விலகலைத் தீர்மானிக்கும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 100 கஜத்துக்குப் போனால், இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேலேயே வித்தியாசம் வரும். மேட்ச் என்று பெயர் போட்ட தோட்டாக்கள் பெரும்பாலும் 1050 முதல் 1090 அடிக்குள் இருப்பது இதனால்தான்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவது. ஒரே பெட்டியில் ஒன்று 1070, இன்னொன்று 1110 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கஜத்தில் இரண்டும் கால் அங்குலம் மேலும் கீழுமாக விழும். 100 கஜத்தில் அது ஓர் அங்குலத்தைத் தாண்டும். எவ்வளவு நிதானமாக விசையை இழுத்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. மேட்ச் தோட்டாவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் இந்தச் சீருக்குத்தான்.

இந்தத் தோட்டாவால் எவ்வளவு துல்லியம் முடியும் என்று தெரிய 50 மீட்டர் போட்டியைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டி .22 லாங் ரைபிளில்தான் நடக்கிறது. அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். உங்கள் 10/22-இடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். தொழிற்சாலைக் குழலோடு, நல்ல தோட்டா போட்டு, பையில் சாய்த்துச் சுட்டு 50 கஜத்தில் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் வந்தால் அது நன்றாகவே சுடுகிறது என்று அர்த்தம்.

உங்கள் இரண்டு வேலைக்கும் இரண்டு தோட்டா வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுடுவதற்குத் தடையில்லாமல் ஓடுவதுதான் முக்கியம். 10/22-இன் போல்ட்டைப் பின்னே தள்ளுவது வெடிப்பின் அழுத்தம் மட்டுமே, ஆகவே ஹை வெலாசிட்டி தோட்டா அதற்குப் பொருந்தும். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக்: குண்டின் எடை 40 கிரெய்ன், வேகம் விநாடிக்கு 1235 அடி. செமி-ஆட்டோவில் நம்பி ஓட்ட நான் முதலில் சொல்வது அதைத்தான். மலிவுப் பெட்டிக்குத் திரும்பத்தான் வேண்டும் என்றால், ஒரே பெட்டியில் நூறு சுட்டு எத்தனை நின்றது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் நின்றால் அடுத்த பெட்டி வேறு வகையாக இருக்கட்டும்.

காகிதத்துக்கு, சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் தொடங்குங்கள். விலைக்கு மீறின சீர் அதில் உண்டு. அதோடு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எலி (Eley) நிறுவனத்தின் நடுத்தர வகை ஒன்று, முடிந்தால் லப்புவா சென்டர்-எக்ஸ். எஸ்கேயும் லப்புவாவும் ஜெர்மனியில் ஷோனபெக் நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. ஆகவே லப்புவாவுக்கு நன்றாகச் சுடும் குழல் எஸ்கேக்கும் சுமாராகவாவது சுட வாய்ப்புண்டு. எலி டெனெக்ஸ் போன்ற உச்சவிலைத் தோட்டாவை இந்த ரைபிளுக்கு இப்போது வாங்க வேண்டாம். அதன் அருமையைக் காட்ட மேட்ச் குழலும் நல்ல விசையும் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. சிசிஐ ஸ்டிங்கர் 32 கிரெய்ன், 1640 அடி, கவர்ச்சியான எண். ஆனால் அதன் பித்தளைக் கூடு வழக்கத்தைவிட நீளம். பின்னாளில் நீங்கள் இறுக்கமான மேட்ச் சேம்பர் குழல் மாட்டினால் அதில் ஸ்டிங்கர் போடவே கூடாது. அடுத்து, 710 அடியில் போகும் சத்தமில்லாத வகைகள். போல்ட் ரைபிளுக்கு அவை இனிமையானவை. உங்கள் செமி-ஆட்டோவில் போல்ட் முழுதாகத் திரும்பாது, ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டியிருக்கும்.

இனிச் சோதனை. பெரும்பாலானோர் தவறும் இடம் இது: மூன்று குண்டு சுட்டு, ஒட்டி விழுந்துவிட்டால் அந்தப் பெட்டியையே கொண்டாடிவிடுகிறார்கள். மூன்று குண்டு தற்செயலாகவும் ஒட்டி விழும். காற்றில்லாத காலையில், முன்னும் பின்னும் மணல் பையில் ரைபிளைச் சாய்த்து, வகைக்கு ஐந்து குண்டுகளாக ஐந்து குரூப் சுடுங்கள். ஐந்தின் சராசரியை எழுதுங்கள், சிறந்ததை மட்டும் அல்ல. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா சுட்டுவிடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரின் மெழுகும் வேறு. புது மெழுகு குழலில் படிந்த பிறகுதான் குண்டுகள் நிலைக்கு வரும். இதே காரணத்தால் நடுவில் குழலைத் துடைக்கவும் வேண்டாம். சேம்பரையும் போல்ட் முகத்தையும் மட்டும் துடைத்தால் போதும்.

ஜெயித்த பெட்டியின் மடிப்பில் ஒரு லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகச் செய்தவற்றின் எண், அச்சிட்டிருக்கும். அதை எழுதி வையுங்கள். ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் தோட்டாகூட லாட்டுக்கு லாட் மாறும்; வெடிமருந்தின் தொகுதியும் பிரைமர் கலவையும் மாறுவதால் உங்கள் குழலில் குரூப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகலாம். போட்டிக்காரர்கள் பிராண்டைவிட லாட்டைத்தான் தேடுவார்கள். லப்புவா இதற்காகவே அரிசோனாவில் மேசா நகரத்தில் ஒரு சோதனைக் கூடம் வைத்திருக்கிறது. ரைபிளைக் கொண்டுபோனால் பல லாட்டுகளை அதில் சுட்டுப் பார்த்துப் பொருந்துவதை வாங்கி வரலாம். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல லாட் கிடைத்ததும் அதே எண்ணில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள். 2013-இலும் 2020-இலும் அமெரிக்கக் கடைகளில் .22 அலமாரிகள் காலியாகக் கிடந்ததை நினைத்தால் அது அநாவசியச் செலவு இல்லை.

வாங்கியதைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். டெக்சாஸ் கோடையில் மூடிய காரின் சூட்டில் மெழுகு இளகும், சீரான பூச்சு போய்விடும். வீட்டுக்குள் உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், மூடி இறுகும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால் பல வருடம் கெடாது. வெயிலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 35 டிகிரியில் ஒலி வேகம் 1155 அடிவரை ஏறும், உறைநிலையில் 1087-க்கு இறங்கும். கோடையில் ஒலியைத் தாண்டாத தோட்டா ஜனவரிக் காலையில் அந்த எல்லையை உரசலாம். குளிரில் திடீரென்று குரூப் கெட்டால் தோட்டாவைத் திட்டும் முன் வெப்பநிலையைப் பாருங்கள்.

பாதுகாப்பில் இந்த நான்கையும் விட்டுவிடாதீர்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா பாருங்கள். அதன்மேல் இன்னொன்று சுட்டால் குழல் பிளக்கும். சிறியது என்றாலும் .22 குண்டு ஒரு மைலுக்கு மேல் பறக்கும். கல், தண்ணீர், கடினமான பரப்பில் பட்டால் எளிதில் திசைமாறித் தெறிக்கும். இரும்புத் தட்டு சொரசொரப்பில்லாமல், மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்து தொங்க வேண்டும். ரேஞ்ச் சொல்லும் தூரத்துக்கு உள்ளே போகாதீர்கள், கண்ணாடி போடாமல் சுடாதீர்கள். குண்டும் ஈயம், பெரும்பாலான பிரைமர் கலவையிலும் ஈயம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ வேண்டாம்.

நான்கு வகைகளையும் மேலே சொன்னபடி சுட்டும் எதுவும் இரண்டு அங்குலத்துக்குள் வரவில்லை என்றால் இனித் தோட்டாவுக்குச் செலவழிக்காதீர்கள். ரைபிளிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஸ்கோப் தளத்தின் திருகுகள், ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டையோடு) பிடிக்கும் திருகு, குழலை ரிசீவரோடு (போல்ட் ஓடும் உடலோடு) பிணைக்கும் வி-பிளாக்கின் இரண்டு திருகுகள், இவை இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 10/22-இல் இவற்றில் ஒன்று தளர்ந்திருப்பது சகஜம். அப்புறம் குழலின் வாய் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அங்கே சிறு வெட்டு இருந்தால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அதைச் சரிசெய்த பிறகு அதே நான்கு பெட்டிகளில் மிச்சமிருப்பதை மறுபடி சுடுங்கள்.