எபிரெயர் 5:8-ஐக் காட்டி ‘அடியைப் பொறுத்துக்கொள்’ என்கிறார்களா?

இல்லை சகோதரி, கணவர் அடித்தாலும் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று எபிரெயர் 5:8 சொல்லவில்லை. இயேசு குமாரனாயிருந்தும், பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்பதே அந்த வசனம். டர்பன் சாட்ஸ்வர்த் ஜெபக்கூட்டத்துப் பெரியவர்கள் உங்களிடம் சொன்னது தவறு.

வசனத்தைத் தனியே பிய்த்து எடுத்ததுதான் காரணமாக இருக்கும். இயேசு பாடுகளில் கீழ்ப்படிந்தது பிதாவுக்கு, தம்மை அடித்த சேவகருக்கு அல்ல. கீழ்ப்படியாமல் இருந்து அடிபட்டுத் திருந்தினார் என்றும் அர்த்தமில்லை. 4:15 அவரைப் பாவமில்லாதவர் என்கிறது. கீழ்ப்படிவதற்கு என்ன விலை என்பதை மனுஷனாக அனுபவித்தே அறிந்தார். அதுவும் வாய்மூடி அல்ல. 5:7-ஐப் பாருங்கள்: பலத்த சத்தம், கண்ணீர். கெத்செமனே தோட்டத்தில் பாடுகளாகிய பாத்திரம் நீங்கும்படி கேட்டார், மூன்று முறை ஜெபித்தார்.

4:14 முதல் 5:10 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, ‘இந்த அடியைவிட்டு விலகினால் தேவனுடைய எந்தக் கட்டளையை மீறுகிறேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். கல்லெறிய வந்தபோது இயேசுவே மறைந்து விலகிப் போனார் (யோவான் 8:59). துன்பப்படுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று சீஷருக்கும் சொன்னார் (மத்தேயு 10:23).

பொய்க்கணக்கு எழுத மறுத்து வேலை போனால், அங்கே 5:8 உங்களைத் தாங்கும். விசுவாசத்துக்காக வரும் பாடு வேறு, ஒருவர் செய்யும் குற்றம் வேறு.

ஒரு எச்சரிக்கை: வீட்டைவிட்டுக் கிளம்பப்போவதைக் கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அந்த நேரம்தான் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவசரத்துக்குப் போலீஸ் 10111. ஐடி புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை இன்றே நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.